லுப்பி இல்லாத பாட்டு

லம்பவிக்கில் பிறக்கும் குழந்தைகளுக்குப் பல் முதலில் முளைக்கிறதா, ‘ஹைனிப் பாட்டு’ முதலில் முளைக்கிறதா என்று சொல்வது கஷ்டம்.

ஃபேரோ தீவுகளில், கடலை ஒட்டிய சின்ன ஊர் அது. அங்கே பாலர் பள்ளிக் குழந்தைகள் கைகளைத் துடுப்புப் போல ஆட்டிக்கொண்டு அந்தப் பாட்டைப் பாடுவார்கள். பெரியவர்கள் விழா நாட்களில் கைகோத்து, பெரிய வளையமாக நின்று, தரை அதிரக் காலை உதைத்து ஆடிக்கொண்டே பாடுவார்கள். ரன்வாவின் அண்ணன் ரோயி, அதையே மின்சாரக் கிதாரில் ஜன்னல் கண்ணாடி நடுங்கும்படி வாசிப்பான்.

துடுப்பு போடுறான் ஹைனி – தண்ணி
நுரைச்சுப் பொங்குது பாரு!
விடிய விடியப் போட்டும் – கரை
விலகிப் போகலை கேளு!
கயிறு சொல்லுது: “தம்பி – என்னைக்
கழட்ட மறந்தது யாரு?”

கரையில் கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே படகை ஓட்டப் பார்த்த ஹைனியின் கதை. கடைசி அடி வந்ததும் கூட்டமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

பதினொரு வயது ரன்வாவுக்கு அந்தப் பாட்டின்மேல் தனிப் பெருமை உண்டு. அதை எழுதியவர் அவளுடைய அப்பா மோர்த்தன். மீன் ஆலையில் வேலை பார்க்கும் அவர், பதினாறு வயதில் அதை எழுதினார்.

“ஹைனின்னு நிஜமாவே ஒருத்தர் இருந்தாராப்பா?” என்று அவள் சின்ன வயதில் கேட்டிருக்கிறாள்.

“பாட்டுல இருக்கானே, போதாதா?” என்று சொல்லிவிட்டு, அப்பா வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

அந்த வருடக் கோடை விழாவுக்கு வானொலிக்காரர்கள் வருவதாகச் செய்தி வந்தது. ஊரே பரபரத்தது. குழந்தைகள் வளையமாக நின்று ஹைனிப் பாட்டைப் பாட வேண்டும். அது பிறந்த கதையை அப்பா சொல்ல வேண்டும். வளையத்தில் முதல் குரல் கொடுத்துப் பாட்டை நடத்தப் போவது யார் தெரியுமா? ரன்வா!

அதற்குப் பிறகு அவள் வாய் சும்மா இருக்கவில்லை. பல் தேய்க்கும்போது பாடினாள். ஆட்டை விரட்டும்போது பாடினாள்.

“வானொலி வர்றதுக்குள்ள நான் செவிடாயிடுவேன் போலிருக்கு” என்றான் ரோயி.

“உன் கிதாரைக் கேட்டே நாங்க எல்லாரும் என்னிக்கோ செவிடாயாச்சு!” என்றாள் ரன்வா.

விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பக்கத்துத் தீவிலிருந்த ஸ்டைனெஸ் பள்ளியோடு கால்பந்துப் போட்டி நடந்தது. ரன்வாவின் அணி படகேறிப் போய், மழையில் நனைந்து, நன்றாகத் தோற்றது. எதிரணியின் கோல்காப்பாளர் ஒரு சிவப்பு முடிக்காரி. ரன்வா எந்தப் பக்கம் உதைத்தாலும் அந்தப் பக்கம் அவள் இருந்தாள்.

திரும்பும் படகுக்கு நேரம் இருந்தது. சிறுமிகள் எல்லோரும் துறைமுகத்துக்கு எதிரே இருந்த ரொட்டிக் கடைக்குள் நுழைந்தார்கள். உள்ளே பார்த்தால், கவுண்டருக்குப் பின்னால் அதே சிவப்பு முடிக்காரி!

“இங்கயும் நீதானா!” என்றாள் ரன்வா. “என்னை ஒரு கோல்கூடப் போட விடலையே?”

“நீ உதைக்கிறதுக்கு முன்னாடியே அந்தப் பக்கம் பாக்கற. உன் கண்ணே காட்டிக் கொடுத்திடுது” என்று அவள் சிரித்தாள். அவள் பெயர் தூரி. கடை அவள் அப்பாவுடையது. “உனக்கு என்ன வேணும்? இலவங்கப்பட்டை ரொட்டி சூடா இருக்கு.”

ரன்வாவுக்கு அவளைப் பிடித்துப்போனது. தோற்ற வருத்தம்கூடக் குறைந்தது. சூடான ரொட்டியைக் கையில் வாங்கியதும் சந்தோஷத்தில் பாட்டு தானாக வந்தது.

“துடுப்பு போடுறான் ஹைனி – தண்ணி நுரைச்சுப் பொங்குது பாரு!”

வரிசையில் நின்ற தோழிகளும் சேர்ந்துகொண்டு காலால் தரையை உதைத்தார்கள்.

தூரியின் முகம் சட்டென்று மாறியது.

“அதை இங்க பாடாதீங்க.”

“ஏன்? இந்தப் பாட்டு உனக்குப் பிடிக்காதா? எங்க அப்பா எழுதினதாக்கும்!” என்றாள் ரன்வா.

தூரி கையில் இருந்த இடுக்கியைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் ரன்வாவையே பார்த்தாள்.

“உங்க அப்பாதானா அது” என்றாள் மெதுவாக. “அந்த ஹைனி எங்க அப்பா.”

 ஒருவேளை விளையாட்டாகச் சொல்கிறாளோ என்று ரன்வா பார்த்தாள். தூரி சிரிக்கவில்லை. கவுண்டரைச் சுற்றி வந்து, ரன்வாவின் கையைப் பிடித்து வாசலுக்கு வெளியே இழுத்துப் போனாள்.

“எங்க அப்பா எங்க போனாலும் யாராவது அதைப் பாடுவாங்க. அவர் கல்யாணத்துல பாடினாங்க. உங்க ஊர்ல இருக்க முடியாமத்தான் இங்க வந்தார். பின்னாலயே பாட்டும் படகேறி வந்துடுச்சு. நான் ஸ்கூல்ல சேர்ந்த முதல் நாள், என் பையை நாற்காலியோட சேர்த்துக் கயித்தால கட்டி வெச்சாங்க. நான் பையை இழுத்ததும் எல்லாரும் ஒரே சிரிப்பு.”

“அது... வேடிக்கைக்குத்தானே எழுதினது” என்றாள் ரன்வா. 

“வேடிக்கையா? அப்படின்னா உங்க அப்பா ஏன் லுப்பியைப் பத்தி எழுதலை?”

“லுப்பி யாரு?”

“எங்க அப்பாவோட நாய்” என்றாள் தூரி. “ஒரு கடற்பறவையைத் துரத்திக்கிட்டு நீந்திப் போய், கடலுக்குள்ள இருக்கிற பாறையில ஏறிடுச்சு. திரும்பி வர்றதுக்குள்ள மூடுபனி இறங்கிடுச்சு, அலையும் பெரிசாயிடுச்சு. அதைக் காப்பாத்தத்தான் அப்பா படகுல குதிச்சார். அப்போ அவருக்குப் பதினஞ்சு வயசு. அழுதுகிட்டே துடுப்பு போட்டாராம். கயிறு ஞாபகமே வரலையாம். அது தெரிஞ்சு, அவிழ்த்து, பாறைக்குப் போய்ச் சேர்ந்தப்போ லுப்பி அங்க இல்லை.”

துறைமுகத்தில் படகு ஊதியது. தோழிகள் ரன்வாவைக் கூப்பிட்டுக்கொண்டே ஓடினார்கள்.  அவளும் ஓடினாள். படகில் எல்லோரும் ரொட்டியைச் சாப்பிட்டார்கள். அவளுடையது கையிலேயே ஆறிப்போனது.

வீட்டில் அப்பா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

“என்ன, எத்தனை கோல் வாங்கிட்டு வந்தீங்க?”

“அப்பா, லுப்பியை உங்களுக்குத் தெரியுமா?”

கத்தி நின்றது. மாடியில் ரோயியின் கிதார் மட்டும் அலறிக்கொண்டிருந்தது. அப்பா கூரையைப் பார்த்து, “ரோயி! நிறுத்துடா!” என்று கத்தினார். அவர் அப்படிக் கத்தி ரன்வா கேட்டதில்லை.

“தெரியும்” என்றார். “கறுப்பும் வெள்ளையுமா இருக்கும். யாரைப் பார்த்தாலும் வாலை ஆட்டும்.”

“அது செத்துப்போனதும் தெரியுமா? பாட்டு எழுதறதுக்கு முன்னாடியே?”

“தெரியும்.”

“அப்புறம் ஏம்பா பாட்டுல அது இல்லை?”

அப்பா உரித்த உருளைக்கிழங்கையே மறுபடியும் உரிக்கத் தொடங்கினார்.

“நாயைச் சேர்த்தா யாரும் சிரிக்க மாட்டாங்க, ரன்வா. எனக்கு எல்லாரும் சிரிக்கணும். அதனால எடுத்துட்டேன். ‘விடிய விடிய’ன்னு சேர்த்தேன். நிஜத்துல அவன் கொஞ்ச நேரம்தான் துடுப்பு போட்டான். எதைச் சேர்க்கறது, எதை எடுக்கறதுன்னு எனக்கு நல்லாத் தெரிஞ்சிருந்துச்சு. ஒரே நாள்ல ஊரே பாடிச்சு. என்னைத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டாங்க.”

“இன்னும் ஒண்ணு இருக்கு” என்றார். “அன்னிக்கு நான் படகுத்துறையில நின்னுக்கிட்டு இருந்தேன். அந்தக் கயிறு என் காலடியில இறுகிக்கிட்டு நின்னுச்சு. குனிஞ்சு அவிழ்த்திருக்கலாம். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். அவனே கண்டுபிடிக்கட்டும்னு சிரிச்சுக்கிட்டு நின்னேன். பனிக்குள்ள நாய் குரைச்சது எனக்கும் கேட்டுச்சு. எங்கயோ ஏதோ நாய்னு நினைச்சேன்.”

ரன்வாவுக்கு அழுகை வந்தது. “நீங்க அவர்கிட்ட மன்னிப்புக் கேக்கவே இல்லையாப்பா?”

“முதல் வருஷம், தப்பு பண்ணிட்டோமேன்னு வெக்கமா இருந்துச்சு. அப்புறம், இத்தனை வருஷம் கேக்காம விட்டுட்டோமேன்னு வெக்கமா இருந்துச்சு.”

“நான் விழாவுல பாட மாட்டேன்.”

“நீ பாடலேன்னா இன்னொருத்தி பாடுவா. நானே ஒரு தடவை, ‘இனிமே இதைப் பாடாதீங்க’ன்னு கேட்டுப் பாத்தேன். வேணும்னே இன்னும் சத்தமாப் பாடினாங்க. அது இப்போ என் பேச்சைக் கேக்கற பாட்டு இல்லை.”

அன்று இரவு ரன்வா யோசித்துக்கொண்டே படுத்திருந்தாள். பாட்டை நிறுத்த முடியாது, சரி. ஆனால் அப்பா எடுத்துவிட்டதைத் திரும்பச் சேர்க்கலாமே? இந்த யோசனை வந்ததும் துள்ளி எழுந்தாள். பென்சிலைத் தேடி எடுத்தவள், பாதியில் நின்றாள்.

அப்பாவும் இப்படித்தானே ஹைனியைக் கேட்காமல் எழுதினார்?

மறுநாள் பள்ளி விட்டதும் ரொட்டிக் கடைக்குத் தொலைபேசியில் பேசினாள்.

“ஸ்டைனெஸ் ரொட்டிக் கடை. எத்தனை வேணும்?” என்றது தூரியின் குரல்.

“ஒண்ணும் வேணாம். நான் ரன்வா.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“தூரி, வெச்சிடாதே! உங்க அப்பாகிட்ட ஒண்ணு கேக்கணும்.”

நீண்ட நேரம் கழித்து ஓர் ஆழமான குரல் வந்தது. “ஹைனி பேசறேன்.”

ரன்வா மனப்பாடம் செய்து வைத்ததெல்லாம் மறந்துபோனது. தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள். பாட்டின் கடைசியில் லுப்பியைப் பற்றி ஒரு பகுதி சேர்க்க ஆசை; சேர்க்கலாமா, வேண்டாமா?

பின்னால் மாவு பிசையும் இயந்திரம் உறுமியது. பிறகு அதை யாரோ நிறுத்தினார்கள்.

“இதுவரைக்கும் யாரும் என்னை ஒண்ணும் கேட்டதில்லை” என்றார் ஹைனி. “சேர்த்துக்கோம்மா. ஆனா ஒண்ணு. அது வீரமா நின்னுச்சு, கடலையே எதிர்த்துச்சுன்னெல்லாம் எழுதிடாதே. அது பயந்து குரைச்சுக்கிட்டு இருந்துச்சு. அவ்வளவுதான்.”

“சரி மாமா. அப்படியே எழுதறேன்.”

“அப்புறம், பேரு லுப்பி. ‘லூப்பி’ன்னு இழுக்காதே. இழுத்துக் கூப்பிட்டா திரும்பியே பாக்காது.”

எழுதுவது அவள் நினைத்ததுபோல் எளிதாக இல்லை. முதல் நான்கு அடிகள் வந்தன. கடைசி இரண்டில் முட்டிக்கொண்டு நின்றாள். நிறைய அடித்து, நிறைய எழுதி, ஒரு வழியாக முடித்து அப்பாவிடம் படித்துக் காட்டினாள்.

“கரையில் நின்னு சிரிச்சார் – அந்தக் கயித்தை அவிழ்த்தது யாரு?”

“‘சிரிச்சார்’ யாரு?”

“நீங்கதாம்பா” என்றாள் ரன்வா தலையைக் குனிந்துகொண்டு. “உங்க பேரைச் சொல்ல மனசு வரலை.”

அப்பா பென்சிலை வாங்கினார். ‘சிரிச்சார்’ என்பதை அடித்தார். ‘சிரிச்சோம்’ என்று எழுதினார்.

விழா அன்று நல்ல வெயில். மண்டபத்தின் நடுவே குழந்தைகள் கைகோத்து வளையமாக நின்றார்கள். அவர்களைச் சுற்றி ஊரார் இன்னொரு பெரிய வளையமாக நின்றார்கள். வானொலிக்காரர் ஒலிவாங்கியை நீட்டினார். ரன்வா குரல் கொடுத்தாள். கால்கள் தரையை உதைத்தன.

கடைசி அடியில் வழக்கம்போல் சிரிப்பு வெடித்தது. எல்லோரும் கையை விடப் போனார்கள். ரன்வா விடவில்லை. பக்கத்தில் இருந்தவர்களின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தாள்.

பாறை மேலே லுப்பி – அலை
பாதம் தொட்டது பாரு!
கூப்பிடு தூரம் தானே – அது
குரைச்சது கேட்டது யாரு?
கரையில் நின்னு சிரிச்சோம் – அந்தக்
கயித்தை அவிழ்த்தது யாரு?

சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. லுப்பியை ஞாபகம் இருந்த இரண்டு மூன்று பேர் தரையைப் பார்த்தார்கள். பாட்டு நின்ற பிறகும் கால்கள் மட்டும் கொஞ்ச நேரம் தட்டிக்கொண்டிருந்தன.

“இது... புதுசா இருக்கே!” என்றார் வானொலிக்காரர். சிரிப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. ஒலிவாங்கியை அப்பாவிடம் நீட்டினார்.

“அந்தக் கயிறு என் காலடியிலதான் இருந்துச்சு” என்று தொடங்கிய அப்பா, முழுவதையும் சொன்னார். நடுவில் இரண்டு முறை நின்றார். ஆனாலும் சொல்லி முடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வானொலியில் அது வந்தது. ரன்வா தூரியிடம் முன்பே சொல்லி வைத்திருந்தாள், “உங்க அப்பாவையும் கேக்கச் சொல்லு” என்று. வீட்டில் எல்லோரும் வானொலியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“ஊரையே சிரிக்க வைத்த பாட்டு இதோ!” என்றது ஒரு உற்சாகக் குரல். துடுப்பு போட்டான் ஹைனி. நுரை பொங்கியது. கயிறு கேள்வி கேட்டது. சிரிப்பு வெடித்தது. உடனே வானிலைச் செய்தி தொடங்கிவிட்டது.

லுப்பி இல்லை. அப்பா பேசியதும் இல்லை.

“வெட்டிட்டாங்க!” என்று ரோயி குதித்தான். “போன் பண்ணிச் சண்டை போடறேன்!”

“அவங்களுக்கும் சிரிப்பு மட்டும்தான் வேணுமாம்” என்றார் அப்பா. “நான் பண்ணினதையே அவங்களும் பண்ணியிருக்காங்க. நான் எந்த மூஞ்சியோட கோவிச்சுக்கறது?”

ரன்வா விம்மி விம்மி அழுதாள். “தூரி என்னைப் பொய்க்காரின்னு நினைப்பா. நான்தான் அவங்களைக் கேக்கச் சொன்னேன். மறுபடியும் அதே பாட்டையே கேக்க வெச்சுட்டேன்.”

அப்பா எழுந்து மேல்சட்டையை மாட்டினார். “கிளம்பு. பதினோரு மணிப் படகைப் பிடிச்சிடலாம்.”

ரொட்டிக் கடையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அப்பாவும் ரன்வாவும் வரிசையில் நின்றார்கள். முன்னால் போகப் போக, அப்பா தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

அவர்கள் முறை வந்தது. புருவமெல்லாம் மாவாக நின்ற ஹைனி நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருடம் கழித்துப் பார்த்தும் உடனே தெரிந்துகொண்டார்.

“என்ன வேணும், மோர்த்தன்?”

“ஒரு கறுப்பு ரொட்டி” என்றார் அப்பா. பிறகு, “இல்ல. ஹைனி, அன்னிக்கே நான் கயித்தை அவிழ்த்திருக்கணும்” என்றார்.



“ஆமா” என்றார் ஹைனி. “அவிழ்த்திருக்கணும்.”

‘பரவாயில்லை’ என்று அவர் சொல்லவில்லை. அப்பாவும் எதிர்பார்க்கவில்லை. ஹைனி ஒரு ரொட்டியை எடுத்துக் காகிதத்தில் நிதானமாகச் சுற்றினார்.

“மாமா, வானொலியில அவங்க...” என்று தொடங்கினாள் ரன்வா.

“பாட்டு ஆரம்பிச்சதும் நான் எழுந்து போயிட்டேன்மா. எப்பவுமே அப்படித்தான். தூரிதான் கடைசிவரைக்கும் உக்காந்திருந்தா. உன் பகுதி வரலைன்னு அவதான் அழுதா.” அவர் கைகளைத் துடைத்துக்கொண்டார். “அதைக் கொஞ்சம் பாடிக் காட்டேன்.”

“இங்கயா? இப்பவா?”

“இங்கதான். இப்பதான்.”

ரன்வா தூரியைப் பார்த்தாள். தூரி தலையசைத்தாள். வளையம் இல்லை, கோத்துக்கொள்ள கை இல்லை. ரன்வா தன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு, முதல் அடியிலிருந்து பாடினாள். கயிறு கேள்வி கேட்ட இடத்தில் யாரும் சிரிக்கவில்லை. பாறைமேல் லுப்பி வந்தபோது, வரிசையில் யாரோ மெல்லக் காலால் தட்டத் தொடங்கினார்கள்.

ஹைனி கவுண்டரில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்று கேட்டார். எழுந்து போகவில்லை.

பாட்டு முடிந்தது. அவர் கண்களைத் துடைத்ததில் கன்னத்திலும் மாவு ஒட்டியது.

“அதோட ஒரு காது மடிஞ்சே இருக்கும்” என்றார்.

“இடது காது” என்றார் அப்பா.

ஹைனி அவரை ஆச்சரியமாகப் பார்த்தார். பிறகு, “ஆமா, இடதுதான்” என்றார்.

வெளியே படகு ஊதியது. அப்பா தொப்பியை எடுத்தார். ஆனால் யாரும் அவருக்கு விடை கொடுக்கவில்லை. அடுத்த படகு மாலையில்தான். தூரி உள்ளே ஓடிப்போய், இரண்டு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.